தேம்பாவணியில் இறைவன் திருவுளமும் வளனின் பணிவும்

காப்பியத் தலைவன் என்றவுடன் தமிழ் பயிலும் மாணவரின் நெஞ்சில் வில்லும் வாளும் தேரும் தோன்றுதல் இயல்பு. சீவகன் பகை வென்று நாடு மீட்டவன். இராமன் கடல் கடந்து போர் புரிந்தவன். வாளேந்தாத மணிமேகலையுங்கூடச் சமயக் கணக்கர்தம் திறம் கேட்டு ஆராய்ந்து, மெய்ம்மையைத் தானே தேடிச் சென்றவள். இவ்வரிசையில் உளியும் இழைப்புளியும் ஏந்திய ஒரு தச்சனைத் தலைவனாக நிறுத்தி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் ஒன்றை யாத்தவர் வீரமாமுனிவர். அத்தச்சன் செய்த வீரச்செயல் யாது எனின், இறைவன் சொன்னதைச் செய்தான் என்பதே விடை. இவ்விடை எளிமையானது போலத் தோன்றும். ஆயின் இதனுள் அடங்கிய கேள்விகள் எளிமையானவை அல்ல. பணிந்து நடப்பவன் காப்பியத் தலைவன் ஆதல் கூடுமோ? பணிவு என்பது அறிவை அடகு வைத்தலோ? விளக்கம் கிடைக்காதவிடத்து ஒருவன் எதனைப் பற்றிக்கொண்டு நடப்பான்? தேம்பாவணியைக் கற்போர் இக்கேள்விகளைத் தாண்டிச் செல்லல் இயலாது.

பேசாத மனிதனும் பேசும் தலைவனும்

இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர், தேம்பாவணியை 1726இல் நிறைவு செய்தார் என்பர். வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் நூற்பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவது அறிஞர் வழக்கு. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய யோசேப்பே இதன் தலைவன். எபிரேய மொழியில் அப்பெயர் பெருகுதல், கூடுதல் என்னும் பொருள் தருவது. அதனை உளங்கொண்டே முனிவர் ‘வளன்’ என்று தமிழ்ப்பெயர் சூட்டினார். திருமுழுக்கு யோவானைக் ‘கருணையன்’ என்று அழைத்ததும் அவ்வாறே. ஒலியைக் கடன் வாங்காமல் பொருளைத் தமிழாக்கும் இத்திறம் மொழியாசிரியர் போற்றத்தக்கது.

நற்செய்தி நூல்கள் நான்கிலும் யோசேப்பு ஒரு சொல்கூடப் பேசியதாகக் குறிப்பு இல்லை. மத்தேயுவின் நூலில் அவருக்குக் கனவுகள் வருகின்றன, அவர் எழுகிறார், செய்கிறார். லூக்காவின் நூலில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசு எருசலேமில் தங்கிவிட, மூன்று நாள்களுக்குப்பின் கோவிலில் கண்டபொழுதும் மரியாளே வினவுகிறார். யோசேப்பு வாய் திறக்கவில்லை. இத்தகைய ஊமைச் சித்திரத்தைப் பெருங்காப்பியத் தலைவனாக்குவது ஒரு புலவன் தன்மேல் சுமத்திக்கொள்ளும் பெருஞ்சுமையாகும். தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு வகுத்த இலக்கணமோ தன்னிகரில்லாத் தலைவனையும், மணம் புணர்தலையும், முடி சூடுதலையும், போரையும் வெற்றியையும் வேண்டுகிறது. முனிவர் இவ்விலக்கணத்தைப் புறக்கணிக்கவில்லை. அதன் பொருளை மாற்றினார். மணம் உண்டு, ஆனால் அது இருவரும் கன்னிமை காக்கும் மணம். முடிசூட்டு உண்டு, ஆனால் அது மண்ணுலக அரியணையில் அன்று, விண்ணுலகில். போர் உண்டு, ஆனால் தலைவன் வெல்லும் பகை அவனுடைய தன்விருப்பமே.

திருவுளமும் ஊழும்

தமிழ் மாணவர் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். இறைவன் சித்தம் என்று கிறித்தவர் சொல்லுவதும், ஊழ் என்று சிலப்பதிகாரம் சொல்லுவதும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அவை ஒன்றல்ல. ஊழ் மனிதனைக் கேட்பதில்லை. கோவலன் சிலம்போடு மதுரை மறுகில் நடந்தபொழுது அவனிடம் எவரும் இசைவு வேண்டவில்லை. வினை உருத்து வந்து ஊட்டியது. இறைவன் சித்தமோ மனிதனை நோக்கி அழைப்பாக வருவது. அழைப்பு என்றால் மறுக்கவும் இடம் உண்டு. மறுக்கக்கூடிய ஒன்றை ஏற்கும்பொழுதுதான் பணிவு அறமாகிறது. மறுக்கவியலாததை ஏற்பது பணிவன்று, இயலாமை.

சொல்லாட்சியும் எண்ணத்தக்கது. பழைய கிறித்தவ மொழிபெயர்ப்புகளில் ‘சித்தம்’ என்ற வடசொல் பயின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘திருவுளம்’ என்ற சொல்லை ஆண்டது. சைவரும் வைணவரும் நெடுங்காலமாக வழங்கிய சொல் அது. சித்தம் என்பது முடிவையும் ஆணையையும் முன்னிறுத்துவது. திருவுளம் என்பது உள்ளத்தை முன்னிறுத்துவது. ஆணைக்கு அஞ்சிப் பணியலாம். உள்ளத்தை நம்பியே பணிய இயலும். தேம்பாவணியின் வளன் பணிவது இவ்விரண்டாம் வகையிலாகும்.

நல்விருப்பமும் திருவுளம் ஆகாமை

இளமைமாட்சி கூறும் பகுதியில் முனிவர் அமைத்த நிகழ்ச்சி ஒன்று நூல் முழுமைக்கும் திறவுகோல் எனலாம். இளைஞனாகிய வளன் உலகப் பற்றை விட்டுத் தவம் புரியக் காட்டை நாடுகிறான். துறவு தூயது, அவன் நோக்கத்தில் மாசில்லை. ஆயின் வானவன் ஒருவன் முதியவன் வடிவில் எதிர்ப்பட்டு, காட்டில் ஒதுங்கித் தன்னுயிரை மட்டும் பேணுவதினும், நாட்டில் மக்களோடு வாழ்ந்து அறம் செய்வதே மேல் என உணர்த்துகிறான். வளன் திரும்பிவிடுகிறான்.

தீய விருப்பத்தைக் கைவிடுவது அனைவரும் அறிந்த அறம். நல்ல விருப்பத்தைக் கைவிடுவது அரிது. ஏனெனில், தன் விருப்பம் நல்லதாக இருப்பதனாலேயே அது இறைவனின் விருப்பமும் ஆகும் என்று மனம் எளிதாக முடிவு கட்டிவிடும். சமய வாழ்வில் பெரும்பாலான தடுமாற்றங்கள் இவ்விடத்தில்தான் பிறக்கின்றன. தாம் விரும்பியதைச் செய்துவிட்டு, ‘இது இறைவன் காட்டிய வழி’ என்று முத்திரை குத்துவோர் எச்சமயத்திலும் உளர். வளன் அவ்வாறு செய்யவில்லை. துறவினும் இல்லறத்தில் ஆற்றும் அறத்தை உயர்த்திப் பேசும் வள்ளுவர் மரபும் இக்காட்சியில் ஒலிப்பதைத் தமிழ் கற்றவர் உணர்வர். ஐரோப்பாவில் பிறந்த துறவி ஒருவர், தாமே துறவியாக இருந்தும், தம் தலைவனைத் துறவினின்று திருப்பி அழைத்து வருகிறார் என்பது வியப்புக்குரியது.

ஐயம் தோன்றலும் நீங்கலும்

நூலின் உயிர்நிலை என்று கருதத்தக்கவை ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் ஆகும். மணம் முடிந்து, கன்னிமை காக்க உறுதி பூண்ட இருவருள் மரியாள் கருவுற்றிருப்பதை வளன் காண்கிறான். மத்தேயு இந்நிகழ்ச்சியைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறார். யோசேப்பு நேர்மையாளர், மரியாளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாதவர், ஆதலின் மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்பதே செய்தி. இச்சில வரிகளுக்குள் ஓர் அறப்போர் அடங்கியுள்ளது. மோசேயின் சட்டம் ஒருபுறம் நிற்கிறது; இரக்கம் மறுபுறம் நிற்கிறது. கண்ணால் கண்டது ஒன்று. நெஞ்சால் அறிந்தது மற்றொன்று. மரியாளின் தூய்மையை ஐயுற நெஞ்சம் மறுக்கிறது. கண்டதைக் காணவில்லை என்று சொல்ல அறிவு மறுக்கிறது. மரியாள் தம் வாயால் விளக்கம் கூறியதாகவும் நற்செய்தியில் இல்லை. அவரும் தம் மானத்தை இறைவனிடமே ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

இச்சிறு இடத்தை முனிவர் ஒரு முழுப் படலமாக விரித்தார். அதனால் வளன் ஐயமே இல்லாத மரப்பாவையாகாமல், நெருப்பில் நின்ற மனிதனாகிறான். இதனைப் பக்திக்குக் குறை என எண்ணுவோர் பிழைபடுவர். ஐயம் என்பது நம்பிக்கையின் பகையன்று. ஐயத்தின்பால் ஒருவன் நடந்துகொள்ளும் முறையே நம்பிக்கையை அளக்கும் கோலாகும். வளன் ஐயுற்றபொழுது ஊரைக் கூட்டவில்லை, சினந்து சொல்லாடவில்லை, தன் மானம் காக்கப் பிறர் மானத்தை விற்கவில்லை. தான் அறிந்த அளவில் இரக்கத்துக்கு மிக அணுகிய வழியைத் தேர்ந்தான். அது முழு விடையன்று; ஆயினும் நேர்மையான விடை. நேர்மையான விடையோடு உறங்கச் சென்றவனுக்கே கனவில் மெய்விடை வந்தது.

வீரமாமுனிவர் இயேசு சபைத் துறவி. அச்சபை 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. அதனை நிறுவிய இஞ்ஞாசியார், இறைத்திருவுளத்தைத் தேர்ந்து தெளிவதற்கென நெறிகள் வகுத்தவர். மனம் இருண்டு சோர்ந்திருக்கும் வேளையில், தெளிந்த வேளையில் எடுத்த முடிவை மாற்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அலை அடங்கும்வரை நங்கூரத்தைக் களையாதே என்பது இதன் கருத்து. இப்பயிற்சியில் வளர்ந்தவர் முனிவர். ஆதலின் ஐயப் படலத்தை வெறும் கற்பனை வளத்தால் மட்டும் எழுதியிருப்பார் எனக் கொள்வதினும், தம் துறவு வாழ்வின் பயிற்சியும் அதில் கலந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

நள்ளிரவுப் பயணம்

ஐயம் நீங்கியதும் துன்பம் நீங்கிவிடவில்லை. குழந்தை பிறந்தபின் ஏரோது அதனைக் கொல்லத் தேடுகிறான். எகிப்துக்கு ஓடுமாறு கனவில் ஆணை வருகிறது. முனிவர் இதனைப் பைதிரம் நீங்கு படலமாகப் பாடுகிறார். பைதிரம் என்பது நாடு.

இங்கே கம்பனை நினையாதிருத்தல் இயலாது. காட்டுக்குச் செல்லுமாறு கைகேயி உரைத்தபொழுது இராமன் முகம் வாடவில்லை. அவனும் பணிந்தவனே. ஆயின் இருவர் பணிவுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இராமனுக்குக் காலவரையறை சொல்லப்பட்டது, பதினான்கு ஆண்டுகள். எண்ணிக் கழிக்க ஒரு கணக்கு இருந்தது. யோசேப்புக்கோ கணக்கில்லை. மறுமொழி வரும்வரை அங்கேயே இரு என்பது மட்டுமே அவருக்குக் கிடைத்த சொல். எத்தனை நாள், எவ்வூர், என்ன பிழைப்பு என்பன எவையும் சொல்லப்படவில்லை. குழந்தையைக் காக்க வல்ல இறைவன் ஏரோதை ஏன் தடுக்கவில்லை என்பதற்கும் விளக்கமில்லை. விடியும்வரை காத்திராமல் இரவிலேயே புறப்பட்டார் என்பதுதான் செய்தி. இராமனின் பணிவு துயரத்தை வென்ற பணிவு. யோசேப்பின் பணிவு இருளில் நடந்த பணிவு. ஒன்றைவிட ஒன்று தாழ்ந்ததெனக் கூறுதல் வேண்டா. இரண்டும் இருவேறு அழகுகள்.

திரும்பிவரும் பயணத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. ஏரோது இறந்தபின் இசுரயேல் நாட்டுக்குச் செல்லுமாறு கனவு வருகிறது. நாடு சொல்லப்பட்டது, ஊர் சொல்லப்படவில்லை. யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலாவு ஆள்வதைக் கேள்வியுற்று யோசேப்பு அங்குச் செல்ல அஞ்சுகிறார். அதன்பின்னரே நான்காம் கனவு எச்சரிக்க, கலிலேயாவை அடைந்து நாசரேத்தில் குடியேறுகிறார். இங்கே வரிசையை நோக்குக. முதலில் மனித அறிவு நிலைமையை ஆராய்கிறது. பின்னர் இறைவாக்கு அதனை உறுதி செய்கிறது. இறைவனை நம்பியவன் செய்தியை விசாரிக்கக் கூடாது, ஆபத்தை எண்ணிப் பார்க்கக் கூடாது என்பார்க்கு இவ்விடமே மறுப்பு. அறிவும் இறைவன் கொடையே. அதனைப் பயன்படுத்துவதும் பணிவின் ஒரு கூறே.

காப்பியத்தின் குறை

திறனாய்வு என்பது புகழுரை அன்று. தேம்பாவணியின் குறையையும் கூறுதல் கடன். யூதேய நாட்டைத் தமிழகத்தின் மருதநிலமாக வருணிக்கும் நாட்டுப்படலத்தைச் சிலர் குறையாகச் சொல்வர். அது பெருங்குறையன்று, கம்பன் கோசலத்தைப் பாடியதும் காவிரி நாட்டை நெஞ்சில் வைத்தே. எகிப்துப் பயணத்தின் இடையே சோசுவன், செதையோன், சஞ்சோன் முதலிய பழைய ஏற்பாட்டு வீரர்களின் கதைகள் நீண்டு இடம்பெறுவதும், போர் வருணனைக்கு இடந்தேடும் காப்பிய மரபினால் நேர்ந்ததெனப் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மைக் குறை வேறு. நற்செய்தியின் யோசேப்புக்கு மத்தேயு சொல்லும் கனவுகள் நான்கே. அவற்றிடையே ஆண்டுகளாக நீண்ட மௌனம். தேம்பாவணியின் வளனுக்கோ வானவர் துணை வழிநெடுகிலும் பெருகுகிறது. எசுப்பானியத் துறவியாகிய ஆகிரேதா மரியாள் எழுதிய நூல் இக்காப்பியத்துக்கு அடிப்படைகளுள் ஒன்றாக அமைந்ததும், வியத்தகு காட்சிகளை விரும்பும் காப்பிய மரபும் சேர்ந்து இதனை விளைத்தன எனலாம். பாலைவழியில் வானவர் கூடி வருவது காட்சிக்கு அழகே. ஆனால் விளக்கம் மிக மிக நம்பிக்கைக்கு இடம் சுருங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் விளக்கேந்தி வழிகாட்டுவார் இருப்பின், இருளில் நடந்தான் என்று ஒருவனைப் புகழ்தற்குக் காரணம் குறைந்துவிடும் அன்றோ? இவ்விடங்களில் தலைவன் உயர்வதற்குப் பதிலாக அவனைச் சூழ்ந்த ஒளியே உயர்கிறது. படிப்போர் வியக்கிறார்கள், தம்மை அவனிடத்தில் வைத்துப் பார்க்க இயலாமல் விலகி நிற்கிறார்கள்.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறலாம். காப்பியம் என்பது நாள்குறிப்பு அன்று. உள்ளத்தில் நிகழும் தெய்வத் துணையைக் கண்முன் நிறுத்தப் புலவனுக்கு வானவர் வடிவம் தேவைப்படுகிறது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் காப்பியத்தின் சான்றே இம்மறுப்புக்கு எதிராக நிற்கிறது. ஐயந்தோற்று படலத்தில் வளனுக்கு விளக்கம் வரத் தாழ்க்கிறது. அப்படலம் நெஞ்சை உருக்குகிறது. பிணி தோற்று படலத்தில் நோயுற்ற வளன் துன்பத்தைத் தாங்குகிறான். நோய் தீர்க்க வல்ல மகன் அருகில் இருந்தும் அந்நோய் தீர்க்கப்படவில்லை; அப்படலமும் நெஞ்சை உருக்குகிறது. கானகத்தில் தாயை இழந்து புலம்பும் கருணையனின் துயரத்தைப் பாடும் பகுதியும் இத்தகையதே. அங்கே மலரும் பறவையும் அவனோடு அழுவதாக முனிவர் பாடுகிறார். சாவு மட்டும் பின்வாங்கவில்லை. ஆக, விளக்கம் தாழ்க்கும் இடங்களிலேயே தேம்பாவணி சிறந்த காப்பியமாகிறது என்பது கருதற்பாலது.

இறுதி நோயில் விளங்கும் பொருள்

பிணி தோற்று படலத்தை மேலும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். இளமையில் தவம் நாடியவனைத் திருப்பியபொழுது வளனுக்குக் காரணம் சொல்லப்பட்டது. ஐயுற்றபொழுதும் இறுதியில் காரணம் சொல்லப்பட்டது. எகிப்துக்கு ஓடச் சொன்னபொழுது ஏரோது தேடுகிறான் என்னும் அளவில் காரணம் சொல்லப்பட்டது. நோயில் கிடந்தபொழுதோ உழைத்த கைகள் ஓய்ந்தன. செய்வதற்கு ஆணை எதுவும் இல்லை. தாங்குவது ஒன்றே எஞ்சியது. செயலால் பணிவது முதற்படி. செயலற்ற நிலையிலும் நம்பிப் பணிவது இறுதிப்படி. மகனும் மரியாளும் பக்கத்தில் இருக்க வளன் உயிர் நீக்கிறான். மகனின் பாடுகளையோ உயிர்ப்பையோ அவன் மண்ணுலகில் இருந்து காணவில்லை. தான் காவல் புரிந்த செயலின் பயனைத் தன் கண்ணால் காணாமலே காவலன் போய்விடுகிறான். முடிசூட்டுப் படலம் அதற்குப் பின்னரே வருகிறது.

ஆசிரியர் தொழிலை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. விதைத்தவர் அறுவடைக்கு இருப்பதில்லை. எழுத்தறிவித்த மாணவன் எந்நிலை எய்தினான் என்பதை அறியாமலே ஓய்வு பெற்றுச் சென்ற ஆசிரியர் எத்தனையோ பேர். பயனைக் கண்டபின் உழைப்பேன் என்பவனால் எப்பணியும் நடைபெறாது.

தேம்பாவணியை வகுப்பறையில் கற்பிப்போர் பெரும்பாலும் அதன் வருணனையையும் அணிநலத்தையும் வேற்றுநாட்டவர் தமிழ் கற்ற வியப்பையும் சொல்லி நின்றுவிடுவது வழக்கம். அவை சொல்லத்தக்கனவே. ஆயின் காப்பியத்தின் நடுவில் நிற்கும் கேள்வியை மாணவரிடம் வைக்காமல் அக்காப்பியத்தைக் கற்பித்ததாகக் கொள்ள இயலாது. கிறித்தவ மாணவன் அதில் தன் வழிபாட்டின் பொருளைக் காண்பான். பிற சமய மாணவன் அடைக்கலம், சரணாகதி என்று தன் மரபில் கேட்ட சொற்களுக்கு வேறொரு முகத்தைக் காண்பான். சமயம் சாராத மாணவனும், தன் விருப்பத்தையும் கடமையையும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்றைப் பெறுவான்.

பணிந்தவன் தலைவன் ஆவானோ என்னும் முதற் கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். ஆணையிடுவோர் இருப்பதனால் பணிபவன் அடிமை. அறிந்து, ஆராய்ந்து, ஐயுற்று, பிறர்க்குத் தீங்கு செய்யாமல் காத்திருந்து, தெளிந்தபின் தாழ்க்காமல் எழுந்து நடப்பவன் தலைவன். வீரமாமுனிவர் பாடிய தச்சன் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவன். வாளேந்தாத அவன் கையில் முடியை வைத்துத் தமிழ்க் காப்பிய மரபு தன்னைத்தானே விரிவாக்கிக்கொண்டது.